எரிதவறல் (உள்ளெரி பொறி)

எரிதவறல் என்பது, பெட்ரோலால் இயங்கும் உள்ளெரி பொறியொன்றின் ஏதேனும் ஓர் உருளையில் எரிபொருட்கலவை உரிய நேரத்தில் தீப்பற்றாமல் போவதையோ அரைகுறையாக எரிவதையோ குறிக்கும். ஆங்கில வழியில் மிஸ்ஃபயர் எனப்படும் இது, தமிழ்நாட்டுப் பணிமனைகளில் "மிஸ்ஸிங்" என்று வழங்கப்படுகிறது. "வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது" என்பது ஓட்டுநர்களிடையே பரவலாகக் கேட்கும் தொடர்.

எரிதவறல் தனியொரு பழுதன்று. பல பழுதுகளுக்குப் பொதுவான அறிகுறி. மிகக் குறைந்த விலையுள்ள கண்டென்சர் கெட்டாலும், எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றிச் சரிசெய்ய வேண்டிய வால்வு கருகினாலும், ஓட்டுநர் உணர்வது ஏறத்தாழ ஒரே உதறலைத்தான். ஆகவே எந்த உதிரிப்பாகத்தையும் மாற்றுவதற்கு முன், எந்த உருளை தவறுகிறது, எந்தச் சூழலில் தவறுகிறது என்று அறிவதே இப்பழுதுநீக்கத்தின் பெரும்பகுதியாகும்.

இக்கட்டுரை டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர் ஆகியவற்றைக் கொண்ட பழைய கார்களைப் பற்றியது. ஓட்டச் சூழலுக்கான எடுத்துக்காட்டுகள் விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகரங்களையும் அவற்றிலிருந்து தென்மேற்கே செல்லும் மலைப்பாதையையும் ஒட்டி அமைந்துள்ளன.

பெயர்க் குறிப்பு

தமிழில் "பொறி" என்னும் சொல் இயந்திரத்தையும் குறிக்கும், நெருப்புத் துகளையும் குறிக்கும். "பொறியில் பொறி வரவில்லை" என்று எழுதினால் படிப்பவர் திகைப்பார். எனவே இக்கட்டுரையின் உடற்பகுதியில் இயந்திரம் "எஞ்சின்" என்றும், பிளக்கின் முனையில் தோன்றுவது "தீப்பொறி" என்றும் குறிக்கப்படுகின்றன. பிளக், பாயிண்ட், காயில், ரோட்டர், டேப்பெட் முதலியன பணிமனைகளில் வழங்கும் பெயர்களாலேயே குறிக்கப்படுகின்றன. கடையில் கேட்டு வாங்கவும் அவையே உதவும்.

கார்கள்

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய பெட்ரோல் கார்களுள் இந்துஸ்தான் அம்பாசிடர் முதன்மையானது. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் இதன் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. பழைய பெட்ரோல் அம்பாசிடரில் இருந்தது பிரித்தானியாவில் வடிவமைக்கப்பட்ட 1489 கன செ.மீ. நான்கு உருளை எஞ்சின். மும்பையில் உருவான பிரீமியர் பத்மினியில் ஃபியட் வடிவமைப்பிலான 1089 கன செ.மீ. எஞ்சின் இருந்தது. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் 1961 முதல் உற்பத்தி செய்யப்பட்டது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரில் 796 கன செ.மீ. எஞ்சினும் மூன்றே உருளைகளும் இருந்தன. மூன்றில் ஒன்று தவறினால் திறனில் மூன்றிலொரு பங்கு போய்விடும் என்பதால் அதில் எரிதவறல் கூடுதலாக உணரப்படும்.

இக்கார்களுக்கான மின்பாகங்கள் பலவற்றைச் சென்னை பாடியிலுள்ள லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனமும், பிளக்குகளைப் பெங்களூரின் மைக்கோ நிறுவனமும் வழங்கின. மைக்கோ 2008இல் பாஷ் எனப் பெயர் மாறியது.

தமிழ்நாட்டில் பல அம்பாசிடர்கள் டீசல் எஞ்சினுடன் ஓடின. டீசல் எஞ்சினில் தீப்பொறி அமைப்பே இல்லை. அதில் ஏற்படும் உதறலுக்குக் காரணங்கள் வேறு. கீழே கூறப்படுவன அவற்றுக்குப் பொருந்தா.

தீப்பற்றல் நிகழும் முறை

நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வோர் உருளையும் வணரித்தண்டின் இரு சுற்றுகளுக்கு ஒருமுறை தீப்பற்ற வேண்டும். வண்டி நின்றநிலையில் எஞ்சின் நிமிடத்திற்கு 800 சுற்றுகள் சுழல்வதாகக் கொண்டால், ஓர் உருளை நிமிடத்திற்கு 400 முறை தீப்பற்றும். நான்கு உருளை எஞ்சின் 3000 சுற்றுகளில் ஓடும்போது வினாடிக்கு 100 முறை தீப்பற்றுகிறது. இவற்றுள் சில தவறினாலே உடல் அதை உணர்ந்துவிடும்.

பேட்டரியின் 12 வோல்ட் மின்னோட்டம் காயிலின் முதன்மைச் சுற்று வழியாகப் பாயிண்டுக்கு வருகிறது. பாயிண்ட் மூடியிருக்கும் வரை காயிலில் காந்தப்புலம் வளர்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் நடுத்தண்டு பாயிண்டைத் திறக்கும் கணத்தில் அப்புலம் சட்டெனச் சரிந்து, துணைச்சுற்றில் பல்லாயிரம் வோல்ட் தோன்றுகிறது. ரோட்டர் அதை மூடியிலுள்ள உரிய முனைக்குக் கடத்த, அங்கிருந்து தடித்த வயர் வழியாகப் பிளக்கைச் சேர்கிறது. பாயிண்ட் திறக்கும்போது அதன் முனைகளுக்கிடையே மின்வில் எழாமல் தடுத்து, காந்தப்புலம் விரைந்து சரிய உதவுவது கண்டென்சரின் பணி. அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இவ்வமைப்பு, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பெரிய மாற்றமின்றி உலகெங்கும் பயன்பட்டது.

தீப்பொறி மட்டும் போதாது. காற்றும் பெட்ரோலும் உரிய அளவில் கலந்திருக்க வேண்டும். நிறையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது முழு எரிதலுக்கான கணக்கு. அக்கலவை போதிய அளவு அமுக்கப்படவும் வேண்டும். எரிதவறலின் காரணங்கள் அனைத்தும் தீப்பொறி, கலவை, அமுக்கம் என்னும் இம்மூன்றுள் ஒன்றில் அடங்கிவிடும்.

அறிகுறிகளும் சூழலும்

நின்றநிலையில் எஞ்சின் சீரின்றி உதறுதல், சைலன்சரில் இடைவிட்டு "டப்" என்ற ஒலி, எரியாத பெட்ரோலின் மணம், முடுக்கியை மிதிக்கும்போது வண்டி தயங்கி இழுத்தல், எரிபொருட் செலவு கூடுதல் ஆகியன பொதுவான அறிகுறிகள். உதறல் எப்போது தோன்றுகிறது என்பது அதைவிடப் பயனுள்ள செய்தி.

தாளம் தவறாமல் ஒரே சீராக உதறினால் ஒரே உருளை தொடர்ந்து செயலிழந்துள்ளது எனலாம். தாளமின்றி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தவறினால், எல்லா உருளைகளுக்கும் பொதுவான பாகமான காயில், பாயிண்ட், கண்டென்சர், கார்புரேட்டர் ஆகியவற்றுள் ஒன்றை ஐயுற வேண்டும். வண்டி சூடேறிய பின்னரே தவறி, ஆறியதும் சரியாகிவிட்டால் காயில் அல்லது கண்டென்சர். காலைப் பனியிலோ மழையிலோ மட்டும் தவறினால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் வயர்கள்.

சமவெளியில் நன்றாக ஓடி ஏற்றத்தில் மட்டும் தவறுவது தனிவகை. முடுக்கியை முழுதும் மிதிக்கும்போது உருளைக்குள் நிரம்பும் கலவையின் அளவு கூடி, அமுக்கமும் கூடுகிறது. அமுக்கம் கூடிய வளியினூடே தீப்பொறி பாய்வதற்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவை. தளர்ந்த காயிலோ, இடைவெளி விரிந்த பிளக்கோ, விரிசல் கண்ட மூடியோ அதைத் தாங்காது. மின்சாரம் பிளக்கை விட்டு எளிய வேறு வழியில் எஞ்சின் உடலுக்குப் பாய்ந்துவிடும். நின்றநிலையில் எத்தனை முறை சோதித்தாலும் இப்பழுது அகப்படாது.

விளைவுகள்

எரியாத பெட்ரோல் உருளைச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுகிறது. கீழே இறங்கி எஞ்சின் ஆயிலையும் நீர்க்கச் செய்கிறது. ஒரு பிளக் செயலிழந்த நிலையில் மாதக்கணக்கில் ஓட்டப்பட்ட எஞ்சினில் உருளையும் பிஸ்டன் வளையங்களும் தேய்ந்துவிடும். இந்தியாவின் நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களில் கட்டாயமாக்கப்பட்ட வினையூக்கி மாற்றி பொருத்திய வண்டிகளில், எரியாத பெட்ரோல் அம்மாற்றிக்குள் எரிந்து அதையே உருக்கிவிடக்கூடும்.

இவை பொருட்சேதங்கள். ஒற்றைச் சாலையில் முன்செல்லும் லாரியை முந்தும் நடுவில் எஞ்சின் திறனிழப்பது உயிராபத்து. "ஓடும்வரை ஓடட்டும்" என்று விட்டுவைக்கக் கூடிய பழுது இதுவன்று.

கண்டறிதல்

முதலில் பேனட்டைத் திறந்து கண்ணால் பார்த்தல். கழன்ற வயர், எலி கடித்த வயர், விலகிய வெற்றிடக் குழாய், பேட்டரி முனையில் பூத்த உப்பு ஆகியவற்றுக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால், காப்பு கெட்ட வயர்களைச் சுற்றி நீல ஒளி மின்னுவதைக் காணலாம்.

அடுத்தது தவறும் உருளையைப் பிரித்தறிதல். எஞ்சின் நின்றநிலையில் ஓடும்போது, காப்பிட்ட குறடால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வயரின் முனையை எஞ்சின் உடலைத் தொடுமாறு பிடிக்க வேண்டும். நல்ல உருளையின் வயரைக் கழற்றினால் எஞ்சின் மேலும் தளர்ந்து உதறும். கழற்றியும் மாற்றமே இல்லையெனில், முன்பே செயலிழந்திருக்கும் உருளை அதுவே. குளிர்ந்த எஞ்சினை இயக்கிய ஓரிரு நிமிடங்களில் புகைபோக்கிக் குழாய்களின் மீது சிறிது நீர் தெளித்தாலும் இது தெரியும். எரியாத உருளையின் குழாயில் நீர் உடனே ஆவியாகாது.

உருளை தெரிந்தபின் அதன் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் முனை வெளிர்பழுப்பாக இருப்பது நன்று. உலர்ந்த கரி படிந்திருந்தால் கலவையில் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப்பசையுடன் கறுத்திருந்தால் எஞ்சின் ஆயில் மேலேறுகிறது. வெளுத்துச் சுட்டதுபோல் இருந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது காற்று எங்கோ திருட்டு வழியில் நுழைகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் தீப்பொறி வரவில்லை. பிறகு அந்தப் பிளக்கை அடுத்த உருளையின் பிளக்குடன் இடம் மாற்றிப் பொருத்துதல் வேண்டும். பழுது பிளக்கோடு நகர்ந்தால் பிளக்தான் குற்றவாளி. நகரவில்லையெனில் வயரை இவ்வாறே மாற்றிப் பார்க்கலாம். புதுப்பொருள் எதுவும் வாங்காமல் செய்யக்கூடிய இச்சோதனையைத் தவிர்த்துவிட்டு, பிளக், வயர், மூடி, காயில் என ஒவ்வொன்றாகப் புதிது போட்டுப் பார்ப்பதே பல இடங்களில் நடக்கிறது. வண்டி சரியானாலும் எதனால் சரியானது என்பது அம்முறையில் தெரிவதில்லை.

இரு உருளைகள் ஒருங்கே தவறும்போது

ஓர் உருளைக்கு மாறாக இரண்டு தவறும்போது, எந்த இரண்டு என்பதே காரணத்தைக் காட்டிவிடும். பழைய பெட்ரோல் அம்பாசிடர் எஞ்சின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் தீப்பற்றும் வரிசை 1-3-4-2. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் வட்டத்தில் முனைகளும் இவ்வரிசையிலேயே நிற்கின்றன. அதாவது 1இன் அண்டையில் 3உம் 2உம், 4இன் அண்டையில் 3உம் 2உம் உள்ளன. எஞ்சினில் உருளைகள் நிற்பதோ 1, 2, 3, 4 என நேர்வரிசையில். மேலும், அதன் தலைப்பகுதியில் உள்ளிழுப்பு வாயில்கள் இரண்டே: 1, 2 உருளைகளுக்கு ஒன்று, 3, 4 உருளைகளுக்கு மற்றொன்று.

இப்போது 1உம் 3உம் சேர்ந்து தவறினால், அவை எஞ்சினில் அடுத்தடுத்தவை அல்ல, வாயிலையும் பகிர்வதில்லை. மூடியில் மட்டுமே அண்டை அயல். எனவே மூடியின் உட்புறத்தில் இரு முனைகளுக்கிடையே கரிக்கோடு விழுந்து மின்சாரம் தாவுகிறது, அல்லது இரு வயர்கள் மாற்றிச் செருகப்பட்டுள்ளன. 2உம் 4உம் தவறினாலும் இதுவே. மாறாக 2உம் 3உம் தவறினால், அவை மூடியில் எதிரெதிரே இருப்பவை. வெவ்வேறு உள்ளிழுப்பு வாயில்கள் கொண்டவை. எஞ்சினில் மட்டும் அடுத்தடுத்தவை. அவ்விரண்டுக்கும் இடையே தலைக் கேஸ்கெட் எரிந்து, ஒன்றின் அமுக்கம் மற்றொன்றுக்குக் கசிகிறது என்று ஐயுறலாம்.

1உம் 2உம், அல்லது 3உம் 4உம் தவறினால் மூன்று காரணங்களும் பொருந்தும்: அவை மூடியிலும் அண்டை, எஞ்சினிலும் அண்டை, வாயிலும் பொது. இங்கு அமுக்கமானியால் அளக்க வேண்டும். அமுக்கம் நன்றாயிருந்து, மூடியும் தூய்மையாயிருந்தால், எஞ்சின் ஓடும்போது உள்ளிழுப்புக் குழாயின் இணைப்பில் சில சொட்டு எஞ்சின் ஆயில் விடலாம். ஓட்டத்தில் மாற்றம் தெரிந்தால் கேஸ்கெட் வழியாகக் காற்று நுழைகிறது. இச்சோதனைக்குச் சிலர் பெட்ரோலைத் தெளிப்பதுண்டு. சூடான புகைபோக்கிக் குழாய் அதன் அருகிலேயே இருப்பதால் அது தீவிபத்தை வரவழைக்கும் செயல்.

ஹெரால்ட், பத்மினி ஆகியவற்றின் தீப்பற்றும் வரிசையும் 1-3-4-2 என்பதால் மூடி தொடர்பான பகுதி அவற்றுக்கும் பொருந்தும். மாருதி 800இன் வரிசை 1-3-2. மூன்று முனைகளும் ஒன்றுக்கொன்று அண்டை என்பதால் இம்முறையால் அதில் பயனில்லை.

அமுக்கச் சோதனை

எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, காயிலின் இணைப்பை நீக்கி, முடுக்கியை முழுதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரால் எஞ்சினை ஐந்தாறு சுற்றுகள் சுழற்றி, ஒவ்வோர் உருளையிலும் அமுக்கமானி காட்டும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய எஞ்சின்களில் அளவு எவ்வளவு என்பதைவிட, உருளைக்கு உருளை எவ்வளவு வேறுபடுகிறது என்பதே முதன்மையானது. 15 விழுக்காட்டிற்கு மேல் வேறுபாடிருந்தால், குறைந்த உருளையில் இரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் அளக்கலாம். அளவு உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. உயராவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

வால்வு என்றவுடன் தலைப்பகுதியைக் கழற்றத் தேவையில்லை. டேப்பெட் இடைவெளி குறைந்துபோய் வால்வு முழுதும் மூடாமல் நிற்பதும் உண்டு. திருகைச் சரிசெய்தால் போதும். இந்தியாவில் 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. மக்களின், குறிப்பாகக் குழந்தைகளின் உடல்நலத்திற்கு இது பெரும் நன்மை. ஆனால் வார்ப்பிரும்புத் தலைப்பகுதி கொண்ட பழைய எஞ்சின்களில் புகைபோக்கி வால்வின் இருக்கைக்கு ஈயமே ஒருவகைப் பூச்சாக உதவிவந்தது. அது நின்றபின் இருக்கை மெல்லத் தேய்ந்து, வால்வு உள்நோக்கி அமிழ்ந்து, டேப்பெட் இடைவெளி தானாகக் குறைகிறது. எனவே இத்தகைய எஞ்சின்களில் டேப்பெட் இடைவெளியை அடிக்கடி பார்த்துவருதல் நல்லது. கடினமாக்கப்பட்ட இருக்கைகளைப் பொருத்துவது நிலையான தீர்வு.

சரிசெய்தல்

பணிகளின் வரிசை இங்கு முக்கியம். டேப்பெட், பிளக், பாயிண்ட், டைமிங், கார்புரேட்டர் என்பது அவ்வரிசை. பாயிண்ட் இடைவெளியை மாற்றினால் அது திறக்கும் கணமும் மாறுவதால் டைமிங் தானே நகர்ந்துவிடும். டைமிங்கை முதலில் வைத்துவிட்டுப் பாயிண்டைத் தொட்டால் முதல் வேலை வீண். கார்புரேட்டரை முதலில் திருகுவது அதைவிடக் கேடு: தீப்பொறியின் குறையைக் கூடுதல் பெட்ரோலால் மறைத்துவிட்டு, இரண்டு பழுதுகளுடன் வண்டி வெளியேறும்.

பழைய அம்பாசிடரில் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரையும், பிளக் இடைவெளி ஏறத்தாழ 0.6 மி.மீ. அளவிலும் இருத்தல் வேண்டும். பிற கார்களுக்கு அவற்றின் கையேட்டைப் பார்க்க வேண்டும். பாயிண்டின் முனைகள் விரைவில் கருகிக் குழிவிழுந்தால் கண்டென்சரையும் சேர்த்து மாற்ற வேண்டும். கருகியதைத் தேய்த்து மீண்டும் போடுவது அவசரத்திற்கு மட்டுமே.

எளிதில் கண்ணுக்குப் படாத இரு பழுதுகள் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ளன. முதலாவது, நடுத்தண்டின் புஷ் தேய்வு. தண்டு பக்கவாட்டில் ஆடினால் பாயிண்ட் இடைவெளி ஒவ்வோர் உருளைக்கும் ஒவ்வோர் அளவாகிவிடும். எத்தனை முறை சரியாக வைத்தாலும் நிற்காது. தண்டை விரலால் அசைத்துப் பார்த்தால் தெரியும். இரண்டாவது, பாயிண்டுக்குச் செல்லும் சிறு வயர். முடுக்கியை மிதிக்கும்போதெல்லாம் வெற்றிட அமைப்பு பாயிண்ட் தட்டைத் திருப்ப, அவ்வயரும் உடன் வளைகிறது. ஆண்டுக்கணக்கில் வளைந்து, மேலுறை முழுதாயிருக்க உள்ளிருக்கும் செம்பிழைகள் மட்டும் அறுந்துவிடும். நின்றநிலையில் தொடர்பு இருக்கும். வேகம் எடுக்கும்போது அறும். காயிலையும் கார்புரேட்டரையும் மாற்றிய பின்னும் தீராத "மிஸ்ஸிங்" பலவற்றுக்கு விரல்நீளம்கூட இல்லாத இவ்வயரே காரணமாக இருந்திருக்கிறது.

கார்புரேட்டரின் ஜெட்டுகள் அடைத்திருந்தால் கழற்றிப் பெட்ரோலால் கழுவி, காற்றடித்துத் தூய்மை செய்ய வேண்டும். கம்பியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, கலவையின் கணக்கே மாறிவிடும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025இல் நாடெங்கும் பரவியது. எத்தனாலின் முழு எரிதலுக்கு ஒரு பங்கிற்கு ஒன்பது பங்கு காற்றே போதும். ஆகவே தூய பெட்ரோலுக்கென வைக்கப்பட்ட கார்புரேட்டரில் இ20 ஊற்றினால், கலவையில் எரிபொருள் ஏழெட்டு விழுக்காடு குறைந்ததற்கு ஒப்பாகும். புதிய கார்களில் உயிர்வளி உணரியைக் கொண்டு கணினி இதை ஈடுசெய்கிறது. கார்புரேட்டருக்கு அவ்வறிவு இல்லை. முன்பே சிறிது காற்று கசிந்துகொண்டிருந்த பழைய எஞ்சினில், இதுவரை உணரப்படாத எரிதவறல் இதனால் வெளிப்படலாம். கசிவுகளை அடைத்தபின் ஓர் அளவு பெரிய ஜெட் போடுவது முறையான தீர்வு.

எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். நீண்டநாள் ஓடாமல் நிற்கும் வண்டியின் தொட்டியில் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கி, அதுவே முதலில் கார்புரேட்டருக்குச் செல்லும். பழைய ரப்பர்க் குழாய்களும் இதனால் மென்மையாகி உதிர்ந்து ஜெட்டை அடைக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்கள் கடைகளில் கிடைக்கின்றன; பழைய கார் வைத்திருப்போர் முதலில் மாற்ற வேண்டியது இதையே, ஏனெனில் விரிசல் கண்ட குழாய் எரிதவறலோடு நிற்காமல் தீவிபத்திலும் முடியலாம்.

இராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த இவ்விரு நகரங்களையும் இணைப்பது, திருமங்கலத்திலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744 ஆகும். முன்பு இதன் எண் 208. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரே, சாலை சமமானது. செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவுக் கணவாயில்தான் ஏற்றம் தொடங்குகிறது. பழுதுபார்த்த காரை இரு நகரங்களுக்கிடையே ஓட்டிப் பார்த்து "சரியாகிவிட்டது" என்று முடிவுசெய்து, மறுநாள் கேரளத்திற்குப் புறப்படுபவர் கணவாயின் வளைவுகளில் மீண்டும் உதறலைச் சந்திப்பது இதனாலேயே. சமவெளியிலேயே இதைச் சோதிக்க வழியுண்டு: போக்குவரத்தில்லாத நேரான பகுதியில், உயர்ந்த கியரில் குறைந்த வேகத்தில் சென்றுகொண்டே முடுக்கியைச் சில நொடிகள் முழுதும் மிதித்தால், ஏற்றத்தில் ஏற்படும் சுமை எஞ்சினுக்குக் கிடைக்கும். தளர்ந்த காயில் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும்.

தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில், மலையின் மறைவிலுள்ள இவ்வடிவாரம் பெரும்பாலும் வறண்டிருக்கும். அப்போதே குற்றாலத்தில் சாரல். இராஜபாளையத்தில் நன்றாக ஓடிய கார், குற்றாலத்தில் ஓர் இரவு திறந்தவெளியில் நின்றபின் காலையில் உதறுவது பழைய கார்களுக்கு வழக்கமான நோய். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்து, பிளக் வயர்களையும் துடைத்தால் பெரும்பாலும் தீரும். ஒவ்வொரு மழைக்கும் இது நேர்ந்தால் மூடியில் மயிரிழை விரிசல் இருக்கக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை இரு நகரங்களிலும் பெய்யும்போது அது உள்ளூரிலேயே தெரிந்துவிடும்.

சித்திரை, வைகாசி வெயிலில் வேறொரு குழப்பம். நெரிசலில் ஊர்ந்துவந்த காரின் பெட்ரோல் பம்பிலும் குழாயிலும் எரிபொருள் ஆவியாகி, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வராமல் வண்டி இழுத்து நிற்கும். இது எரிதவறலைப் போலத் தோன்றினாலும் தீப்பொறி அமைப்புக்கு இதில் பங்கில்லை. பம்பின் மீது ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து ஓட்டிச்செல்வது பத்மினி ஓட்டுநர்கள் நன்கறிந்த வைத்தியம். சூடான காயிலும் இவ்வாறே ஆறியபின் சரியாகும் என்பதால், நின்ற உடனே ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது நல்லது: உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, நனைந்திருந்தால் தீப்பொறி வரவில்லை.

பாதுகாப்பு

பாயிண்ட் வகை அமைப்பின் மின்னதிர்ச்சியைவிட, அதிர்ச்சியில் உதறிய கை சுழலும் விசிறியில் பட்டுவிடுவதே பெரிய ஆபத்து. துண்டு, வேட்டி நுனி, தளர்ந்த சட்டைக்கை ஆகியவற்றை விசிறி, பெல்ட் அருகே கொண்டுசெல்லலாகாது. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் ஓடும் எஞ்சினின் பிளக் வயர்களை நெருங்கக் கூடாது. பிளக்கைக் கழற்றித் தீப்பொறியைப் பார்க்கும்போது, அதன் உலோக உடல் எஞ்சினைத் தொட்டிருக்க வேண்டும். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும் என்பதால் அதற்கு எட்ட வைக்க வேண்டும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு மணமில்லை.

மின்னணுத் தீப்பொறி அமைப்புக்கு மாற்றப்பட்ட கார்களில், ஓடும்போது பிளக் வயரைக் கழற்றும் சோதனையைச் செய்தலாகாது. அவற்றின் மின்னழுத்தம் மிகுதி. மின்னணுப் பகுதியும் கெடும். கணினி கொண்ட பிற்காலக் கார்களில் இச்சோதனைக்குத் தேவையும் குறைவு: வணரித்தண்டு ஒவ்வொரு திறன் வீச்சிலும் எவ்வளவு விரைவுபெறுகிறது என்பதைக் கணினி அளந்து, விரைவுபெறாத உருளையை அடையாளங்காண்கிறது. பி0301 என்ற குறியீடு முதல் உருளையையும், பி0302 இரண்டாவதையும் குறிக்கும். பி0300 என்றால் தவறல் ஒன்றுக்கு மேற்பட்ட உருளைகளில் அல்லது தாளமின்றி நிகழ்கிறது. குறியீடு உருளையைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. அதன்பின் பிளக்கை இடம் மாற்றிப் பார்க்கும் வேலை அம்பாசிடருக்கும் புதிய காருக்கும் ஒன்றே.